கால்வாயில் நகராமல் நின்ற இலை

1

ஆடி அமாவாசை வந்து போய் ஒரு கிழமை ஆகிறது. ஊரில் நீங்கள் கீரிமலைக்குப் போயிருப்பீர்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் கடற்கரையிலாவது தலை முழுகியிருப்பீர்கள். டோர்ட்மண்டில் எங்களுக்குக் கடல் கிடையாது. வடகடலைப் பார்க்க வேண்டுமென்றால் அரைநாள் கார் ஓட வேண்டும், அதற்கு வேலையிடத்தில் லீவு கேட்டு மல்லுக்கட்ட வேண்டும். ஆகவே தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர்கள் கால்வாய்க் கரைக்குப் போவார்கள். எனக்குத் தெரிந்த நம்மவர்கள் யாரும் அதைக் கால்வாய் என்று சொல்வதில்லை. "ஆத்தடிக்குப் போட்டு வாறம்" என்பார்கள். நானும் இத்தனை வருடமாக அப்படியே சொல்லி வந்தேன். அகலமாக இருக்கிறது, கப்பல் போகிறது, தாரா நீந்துகிறது. அதை ஆறு இல்லையென்று யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

சென்ற வருடம் என் அக்காவும் ஆற்றடிக்கு வந்தார். எங்கள் குடும்பத்தில் அது பெரிய செய்தி. ஏனென்றால் அத்தானுக்காக அவர் அதுவரை ஒரு எள் கூடத் தொட்டதில்லை.

அத்தான் சண்டைக் காலத்தில் வடமராட்சிக் கரையிலிருந்து இந்தியாவுக்குப் படகேறியவர். போய் ஒரு வழி பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். படகு அக்கரை சேர்ந்ததாகவும் தகவல் இல்லை, திரும்பியதாகவும் தகவல் இல்லை. மகள் மதுராவுக்கு அப்போது தத்தித் தத்தி நடக்கிற வயது. பிறகு அக்கா பிள்ளையையும் தூக்கிக்கொண்டு என்னிடம் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார். அன்று நெற்றியில் இருந்த குங்குமம் இன்றுவரை இருக்கிறது. இடையில் மூன்று நாள் மட்டும் இல்லை. அந்த மூன்று நாளின் கதையைத்தான் எழுத வந்தேன்.

மதுரா பல வருடம் மன்றாடியதன் பேரில் சென்ற வருடம் அக்கா இறங்கி வந்தார். ஒரேயொரு நிபந்தனை வைத்தார்.

"கடல்லை போன மனிசன். கடலுக்குப் போற தண்ணியிலைதான் செய்வன்."

"எல்லா ஆறும் கடலுக்குத்தானே அக்கா போறது" என்றேன் நான், பெரிய புவியியல் பேராசிரியர் மாதிரி.

ஐயர் வந்தார். பிண்டம் வைத்து, எள் இறைத்து, பூவோடு வாழையிலைத் துண்டைத் தண்ணீரில் விட்டோம். அன்று பின்னேரம் அக்கா யாருக்கும் சொல்லாமல் முகம் கழுவிக் குங்குமத்தைத் துடைத்துவிட்டு வந்து தேத்தண்ணி போட்டார். நாங்கள் யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் தமிழ்க் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு நானும் அக்காவும் அதே கரையால் நடந்து வந்தோம். இரும்புக் கரைச்சுவரில் ஒரு ஏணி இருக்கிறது. அந்த ஏணி மூலையில், நாங்கள் விட்ட இடத்திலேயே, இலை நின்றது. செவ்வந்திப்பூ கறுத்துப் போயிருந்தது. இலை ஒரு முழம் கூட நகர்ந்திருக்கவில்லை.

அக்கா பையைக் கீழே வைத்தார். கனநேரம் பார்த்தார்.

"தம்பி, அவர் போகேல்லை."

"அக்கா, அது காத்து..."

"போகேல்லையடா. போற ஆள் எண்டா போயிருப்பார்."

அடுத்த நாள் காலையில் குங்குமம் பழையபடி நெற்றியில் இருந்தது.

2

மதுரா யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். என் மருமகள், முப்பதைத் தாண்டியவள். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் நீர்க்கட்டுமானம் படித்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் கணக்குப் பார்ப்பதும் கோபப்படுவதும் ஜெர்மனில். சென்ற வருடம் அவள் இங்கிலாந்தில், லெஸ்டர் பக்கத்தில், பழைய கால்வாய்களைத் திருத்துகிற ஒரு கந்தோரில் ஒரு வருட வேலை ஒப்பந்தத்தில் இருந்தாள். ஆடி அமாவாசைக்காக லீவில் வந்து போனவள்.

நான் ஃபோனில் இலைக் கதையைச் சொன்னேன். மதுரா சொன்னாள்: "மாமா, அது கனால். கனால் ஓடாது. நிண்ட தண்ணி."

"உனக்குத் தெரியும்தானே? நீயும் பக்கத்திலைதானே நிண்டனீ?"

"நான் அண்டைக்கு இஞ்சினியராவே நிண்டனான்? அம்மா வந்திட்டா எண்ட சந்தோசத்திலை எனக்கு ஒண்டும் ஓடேல்லை."

அவளுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்துக்கு, விசாவுக்கு, குடியுரிமைக்கு என்று எத்தனை அன்ட்ராக் படிவம் நிரப்பினோமோ அத்தனையிலும் தகப்பன் பெயருக்கு அடுத்ததாக ஒரு கேள்வி வரும். தகப்பன் இருக்கிறாரா? "ஓம்" என்பார் அக்கா. எங்கே? "தெரியாது." மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேனாவை வைத்துவிட்டு எங்களைப் பார்ப்பார். இந்த நாட்டில் ஆள் இருந்தால் விலாசம் இருக்க வேண்டும். மொழிபெயர்க்கப் போன நான் நடுவில் இருந்து நெளிவேன். மதுரா சின்னப்பிள்ளையாகக் கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

அன்று ஃபோனில் அவள் கடைசியாகச் சொன்னது இது: "அப்பா செத்திட்டார் எண்டு எனக்குத் தெரியும் மாமா. எல்லாருக்கும் தெரியும். எனக்கு அழுகிறதுக்கு ஒரு நாள் வேணும். அம்மா அதைத் தரமாட்டன் எண்டுறா."

பேச்சை மாற்றத்தான் கேட்டேன். தண்ணீர் ஓடாது என்றால் கப்பல் எப்படி மேட்டில் ஏறுகிறது? நான் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பாரம் தூக்குவதுதான் என் பிழைப்பு. ஆயிரம் தொன் கப்பலை எது தூக்குகிறது என்று இத்தனை வருடம் நான் யோசிக்கவே இல்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இஞ்சை வாங்கோ, காட்டுறன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

3

இலையுதிர் காலத்தில் போனோம். லெஸ்டரிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஃபொக்ஸ்டன் என்று ஒரு ஊர். அங்கே ஒரு குன்றின் சரிவில் பத்து நீர்ப்பூட்டுகள் வரிசையாக இறங்குகின்றன. ஐந்து ஐந்தாக இரண்டு தொகுதி. நீர்ப்பூட்டு என்றால் வேறொன்றுமில்லை, இரண்டு பக்கமும் கதவு போட்ட ஒரு தண்ணீர்த் தொட்டி. கீழேயிருந்து வருகிற படகு உள்ளே போகும். பின்கதவைச் சாத்துவார்கள். மேலேயிருந்து தண்ணீரை விட்டு நிரப்புவார்கள். தண்ணீரோடு படகும் எழும்பும். மேல் மட்டத்துக்கு வந்ததும் முன்கதவைத் திறந்து அடுத்த தொட்டிக்குள் போகலாம். தூக்குவது மோட்டாரும் இல்லை, மனிசனும் இல்லை. தண்ணீர்தான்.

இரு நூற்றாண்டுக்கு முன்னால் மண்வெட்டியாலும் தள்ளுவண்டியாலும் வெட்டியது. அகலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஒரு படகு உரசாமல் போகத்தான் காணும். ஆனால் அந்த ஒடுக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது என்றாள் மதுரா. மேலே மேட்டில் ஆறு கிடையாது. மழைத்தண்ணீரைத் தேக்கக் குளங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படகும் போகும்போது அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தைக் கீழே கொண்டு போய்விடும். தொட்டி சிறிதென்றால் செலவும் சிறிது. அது போதாதென்று பூட்டுகளுக்குப் பக்கத்தில் சிறு குளங்களும் வெட்டியிருக்கிறார்கள், இறங்குகிற தண்ணீரை அங்கே ஒதுக்கி வைத்து மறுபடி எடுக்க. மடைப்பலகைகளுக்குச் சிவப்பும் வெள்ளையும் பூசியிருக்கிறது. சிவப்பை முதலில் திறக்க வேண்டும், வெள்ளையைப் பிறகு. மாற்றித் திறந்தால் வெள்ளம் கரைக்கு ஏறிவிடுமாம். தண்ணீரை இப்படிச் சிக்கனம் பிடித்த சனத்தை நான் யாழ்ப்பாணத்துக்கு வெளியே கண்டதில்லை.

பூட்டுகளுக்குச் சற்றுத் தள்ளிப் புல் முளைத்த ஒரு சரிவைக் காட்டினாள். பத்துப் பூட்டிலும் நேரத்தை மினைக்கெடுத்த ஏலாதென்று, ஒரு காலத்தில் அங்கே தண்டவாளம் போட்டு, படகைத் தொட்டித் தண்ணீரோடு சேர்த்து நீராவி எஞ்சினால் பக்கவாட்டில் இழுத்து ஏற்றினார்களாம். ஒரு தொட்டி ஏற, மற்றது இறங்கும். பிரமாதமான யோசனை. ஆனால் எதிர்பார்த்த அளவுக்குப் படகுகள் வரவில்லை. சில வருடத்தில் மூடி, இரும்பைப் பழைய விலைக்கு விற்றுவிட்டார்கள். பழைய பூட்டுகள் மட்டும் இன்னும் வேலை செய்கின்றன. எனக்கு அந்த எஞ்சினை நினைத்து மெய்யாகவே கவலையாக இருந்தது.

அக்கா இதெதையும் கேட்டதாகத் தெரியவில்லை. குளிருக்குச் சேலைக்கு மேல் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒரு பூட்டின் ஓரத்தில் நின்றார். கதவைத் திறப்பதற்கு அங்கே பெரிய மரத்துலா ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அதில் முதுகை வைத்துத் தள்ள வேண்டும். படகில் வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி ஒற்றை ஆளாய்த் தள்ளித் திணறிக்கொண்டிருந்தார். அக்கா கைப்பையை என்னிடம் தந்துவிட்டுப் போய் அவருக்குப் பக்கத்தில் முதுகைக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. கதவு மெல்ல அசைந்தது. படகு கீழ்த் தொட்டிக்குப் போனதும் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு மதுராவிடம் கேட்டார்:

"அப்ப, படகு போனாத்தான் தண்ணியும் போகுமோ?"

"ஓம் அம்மா. ஒவ்வொரு படகும் கொஞ்சத் தண்ணியைக் கூட்டிக்கொண்டு போகும்."

"டோர்ட்மண்டிலையும் அப்பிடியோ?"

இலையைக் கண்ட நாளுக்குப் பிறகு அந்தக் கால்வாயைப் பற்றி அக்கா வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. மதுரா என்னைப் பார்த்தாள்.

4

திரும்பி வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரையால் வால்ட்ராப் வரைக்கும் மிதித்தேன். எங்கள் டோர்ட்மண்ட் கால்வாய் துறைமுகத்தில் தொடங்கி அதுவரைக்கும் ஒரே மட்டத்தில் கிடக்கிறது. மறுமுனை அடைப்பு. அதற்குள் ஓடுகிறதற்கு எந்தத் தண்ணீருக்கும் முகாந்திரம் இல்லை. எங்கள் இலை எங்கேதான் போகும்?

வால்ட்ராப்பில்தான் மட்டம் விழுகிறது. பதினான்கு மீட்டர், ஏறத்தாழ நாலு மாடி. அங்கே கைசர் காலத்தில் கட்டிய கப்பல் தூக்கி ஒன்று இப்போது நூதனசாலையாக நிற்கிறது. அதைப் பார்த்து ஒரு மணித்தியாலம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கப்பலைத் தண்ணீர்த் தொட்டியோடு அப்படியே மேலே தூக்குவார்களாம். தொட்டிக்குக் கீழே நிலத்துக்குள் தண்ணீர் நிறைந்த ஐந்து ஆழக் கிணறுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் காற்றடைத்த ஒரு பெரிய மிதவை. மிதவைகள் தொட்டியை மேலே தள்ளுகிற விசையும் தொட்டியின் பாரமும் சரிக்குச் சரி. கப்பல் உள்ளே வந்தால் தன் எடைக்குச் சமமான தண்ணீரை வெளியே தள்ளிவிடும், ஆகவே பாரம் மாறவே மாறாது. ஒரு சின்ன மோட்டார் காணும். என் ஃபோர்க்லிஃப்ட் ஒரு தட்டுக் கூரை ஓடுகளைத் தூக்க எவ்வளவு முக்குகிறது தெரியுமா?

இப்போது அந்தத் தூக்கி வேலை செய்வதில்லை. கொஞ்சம் தள்ளியிருக்கிற புதிய நீர்ப்பூட்டால்தான் கப்பல்கள் இறங்குகின்றன. அதன் விளக்கப் பலகையை எழுத்து எழுத்தாக வாசித்தேன். இங்கேயும் பக்கத்தில் சேமிப்புத் தொட்டிகள் இருக்கின்றன. கப்பல் இறங்கும்போது தண்ணீரின் பெரும்பகுதியை அவற்றில் ஒதுக்கி வைத்து, அடுத்த கப்பலை ஏற்றத் திருப்பி எடுக்கிறார்கள். மிச்சம்தான் கீழே போகிறது. அதையும் சும்மா விடுவதில்லை. மேல் கால்வாய் வற்றாமலிருக்கக் கீழ்த் தண்ணீரை பம்ப் வைத்து மேலே ஏற்றுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து மதுராவுக்கு ஃபோன் அடித்தேன். "பிள்ளை, போன தண்ணியைத் திருப்பி ஏத்துவினமாம். கொம்மாவுக்கு இதைச் சொல்லுவமோ விடுவமோ?"

"எல்லாத்தையும் சொல்லுவம் மாமா. போன முறை அரைகுறையாச் சொல்லித்தானே இந்தக் கோலம்."

5

இந்த வருட ஆடி அமாவாசைக்கு மதுரா இங்கிலாந்து வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டாள். ஐயருக்கு அன்றைக்கு நேரம் குறித்த ஆயிரம் டெர்மின், கோயிலை விட்டு அசைய நேரமில்லை. "நானே செய்யிறன்" என்றாள் மதுரா. பெண்பிள்ளை செய்யலாமா என்று கடையில் இரண்டொருவர் இழுத்தார்கள். தகப்பனுக்கு வேறு பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று நான் சொன்னதும் பேச்சு அடங்கிவிட்டது.

மூன்று பேரும் வால்ட்ராப்புக்குக் காரில் போனோம். முதலில் மேல் பக்கம் நின்று பார்த்தோம். நிலக்கரியோ மணலோ ஏற்றிய நீளக் கப்பல் ஒன்று பூட்டுக்குள் நுழைந்தது. கதவு மூடியது. கப்பல் எங்கள் கண்ணுக்கு முன்னால் மெல்ல மெல்லத் தாழ்ந்தது, கடைசியில் அதன் கொடிமரம் மட்டும் தெரிந்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

மதுரா எல்லாவற்றையும் சொன்னாள். ஒதுக்குகிற தண்ணீர், இறங்குகிற தண்ணீர், பம்ப். பூட்டுக்குக் கீழே இரண்டு வழி இருப்பதையும் சொன்னாள். வடக்கால் போகிற தண்ணீர் எம்ஸ் ஆற்றில் சேரும், மேற்கால் போவது ரைனில் சேரும், இரண்டும் கடைசியில் வடகடலுக்குத்தான்.

"எவ்வளவு நாளிலை போகும்?"

"சொல்ல ஏலாதம்மா. கப்பல் போகப் போகத்தான் தண்ணியும் போகும். கனகாலம் எடுக்கும்."

"அது பரவாயில்லை. பாத்துக்கொண்டிருக்கிறது எனக்குப் பழக்கம்" என்றார் அக்கா. பிறகு கேட்டார்: "கீழை போனதைத் திருப்பியும் ஏத்துவினம் எண்டனீ?"

"கொஞ்சத்தை ஏத்துவினம்."

"எந்தக் கொஞ்சம் எண்டு அவைக்குத் தெரியுமோ?"

"தெரியாதம்மா. தண்ணியிலை அப்பிடிப் பிரிச்சுப் பாக்க ஏலாது."

"அதுதான்" என்றார் அக்கா.

அவ்வளவுதான், இந்த முறையும் போச்சு என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சொல்லியிருக்கத் தேவையில்லை என்று மனதுக்குள் மதுராவைத் திட்டினேன். அவள் எள் கட்டிய பொட்டலத்தைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றாள்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தார். "அதைச் சிந்தாதை. வா, கீழை போவம்" என்றார்.

பூட்டுக்குக் கீழே, கப்பல்கள் கட்டுகிற இடத்தைத் தாண்டி, தண்ணீர் வரைக்கும் இறங்குகிற படி ஒன்று இருந்தது. அக்கா மேல்படியிலேயே நின்றுவிட்டார்.

"நீ செய் பிள்ளை. உன்ரை அப்பாவுக்கு நீ செய். உனக்கு அவர் போயிட்டார் எண்டா போயிட்டார்தான். நான் இனி உன்னோடை மல்லுக்கு நிக்கேல்லை. ஆனா என்னைக் கேக்காதை. எனக்கு இன்னும் தெரியேல்லை."

மதுரா ஒரு நிமிடம் தாயையே பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். மந்திரம் தெரியாது. எள்ளைக் கையில் வைத்துத் தண்ணீரை அள்ளி விரலால் வடியவிட்டாள். "அப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் படியிலேயே குந்தியிருந்து அழுதாள், சின்னப்பிள்ளை மாதிரி, மூக்குச் சிந்திச் சிந்தி. நானும் அழுதேன். அக்கா அழவில்லை. குங்குமத்தோடு மேல்படியில் நின்று, மகள் அழுது முடிக்கும்வரை அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா விரதச் சமையலை முடித்தார். அன்றைக்கென்று தமிழ்க் கடையில் வாங்கிய காத்தோட்டிக்காயும் பொரித்தார். மதுரா தகப்பனின் படத்துக்கு முன்னால் இலை போட்டாள். அக்காவே வந்து அதில் சோறும் கறிகளும் ஒவ்வொன்றாகப் பரிமாறினார். பரிமாறிவிட்டுக் குசினிக்குப் போனவர், ஒரு மூடிபோட்ட டப்பாவை எடுத்து அதே சோற்றையும் அதே கறிகளையும் அதே அளவாகப் போட்டார்.

"அது ஆருக்கம்மா?" என்று கேட்டாள் மதுரா.

"வந்தாரெண்டாச் சாப்பிட வேணுமெல்லே."

மதுரா போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். நடுத்தட்டில் இடமில்லை. பால் பெட்டியையும் தயிரையும் கீழே இறக்கி, டப்பா வைக்கிற அளவுக்கு இடம் விட்டுவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு தாய்க்காக நின்றாள்.